வாரம் ஒரு நாள் வந்த மிஸ்ஸும் இப்போது வரவில்லை, யாரிடம் கேட்பது?

கொருக்குப்பேட்டை அம்மா:
பையனுக்கு எட்டு வயது, அறிவுசார் குறைபாடு. மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சிறப்புப் பயிற்றுநர் மிஸ் வியாழக்கிழமை மட்டும் வருவார், அதுவும் ஒரு மணி நேரம். நான் இரண்டு வருஷமாக முட்டி மோதியும் நடக்காததை, புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கவைத்து பத்து வரை எண்ணவைத்துவிட்டார். இப்போது மூன்று வியாழனாக ஆளைக் காணோம். இவனானால் கொட்டை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான். பள்ளியில் கேட்டால் "எங்க கையில இல்லம்மா". ஏன் ஆளே இல்லை?

பஸ் பாஸ் டீச்சர்:
நானும் அதே வேலைதான் அக்கா, வட்டார வள மையத்தில். ஒரு ஆளுக்குப் பல பள்ளி. இன்று தண்டையார்பேட்டை, நாளை வியாசர்பாடி, நடுவில் பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளின் வீடுகள் வேறு. யாராவது வேலையை விட்டால் அந்தப் பள்ளிகளும் நம் தலையில் விழும், உங்கள் மிஸ்ஸுக்கும் அதுதான் நடந்திருக்கும். படித்தவர்கள் இல்லாமல் இல்லை, முட்டுக்காட்டில் இதற்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் இங்கே தொகுப்பூதியம், என்னோடு படித்த பாதிப் பேர் தனியார் தெரபி சென்டருக்குப் போய்விட்டார்கள். சாதாரண பி.எட். முடித்தவரை அந்த இடத்தில் போடவும் முடியாது, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு வேண்டும்.

ராயபுரம் அண்ணன்:
சட்டப்படி உங்கள் பக்கம்தான் நியாயம். 2021-ல் உச்ச நீதிமன்ற வழக்கில் வந்த கணக்கு இது: தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். பணியிடங்களை உருவாக்கி அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. தீர்ப்பு வந்தால் மறுநாளே மிஸ் வந்துவிடுவாரா, அது வேறு கதை. முதலில் எமிஸில், அதாவது மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் கணினிப் பதிவில், பையன் மாற்றுத்திறனாளி மாணவர் என்று பதிவாகியிருக்கிறானா பாருங்கள், பதிவில் இல்லாத பிள்ளைக்கு யாரும் ஆள் கேட்க மாட்டார்கள். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதவையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

கொருக்குப்பேட்டை அம்மா:
பார்த்தேன் அண்ணா, இவன் பெயர் இருக்கிறது, இதே வகுப்பில் இன்னொரு பெண்ணுக்கு இல்லை. அவள் அம்மாவையும் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். டீச்சர், அதுவரை பதினொன்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பத்தோடு நின்றுவிடுகிறான்.

பஸ் பாஸ் டீச்சர்:
பத்துக் கொட்டையைத் துணியில் முடிச்சாகக் கட்டிவிடுங்கள் அக்கா, அவன் கையாலேயே. பக்கத்தில் ஒன்றைத் தனியாக வையுங்கள். அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் பதினொன்று மட்டும் போதும்.