தொலைஞ்ச துணி மறுபடி கண்ணுல பட்டிருக்குதுங்களா?

கடுகுமஞ்சள்:
மூணு வாரமா இது மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்குதுங்க, அதான் எழுதறேன். நெகமம் சீலை, பொள்ளாச்சிப் பக்கம் நெகமத்துல தறியில நெய்யற பருத்திச் சீலைங்க. கடுகு மஞ்சள் கட்டம், அரக்குக் கரை. வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது மாசச் சம்பளத்துல எடுத்தது. நெகமம் கட்டினவங்களுக்கு அந்தக் கனமும் காத்தோட்டமும் நான் சொல்ல வேண்டியதில்ல. நாலு வருசம் முன்னாடி நான் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து எங்க மாமியார் அதையும் பழைய துணியோட சேர்த்து பாத்திரக்காரம்மாகிட்டப் போட்டு ஒரு எவர்சில்வர் போசி வாங்கிட்டாங்க. அந்தப் போசியிலதான் இன்னிக்கும் ரசம் வெக்கறேன்.

போன மாசம் குடிமங்கலம் பக்கம் காட்டோரமா வண்டிய நிறுத்தினேன். சின்ன வெங்காயம் புடுங்கிட்டு இருந்தாங்க, வாங்கலாம்னு எறங்கினேன். வேப்பமரத்துல ஒரு தூளி. பார்த்ததும் கால் நின்னுருச்சு. என் சீலையில ஊதுபத்தி சுட்ட ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. வீட்டுல மஞ்சள் நூல் இல்லைன்னு நீல நூல்ல தெச்சிருந்தேன். அந்த நீலம் தூளியில, கொழந்தையோட குதிகாலுக்குப் பக்கத்துல.

தாய்க்காரி ஓடி வந்தா. இருவத்திரண்டு வயசு இருக்கும். என்னை மேல கீழ பார்த்துட்டுச் சிரிச்சா. "அக்கா, நம்ம சீலையும் நீங்க கட்டியிருக்கறதும் ஒரே மாதிரி இருக்குதுங்!"

அப்பத்தான் குனிஞ்சு பாக்கறேன். கட்டியிருந்தது போன தீவாளிக்கு எடுத்த புதுச்சீலை. அதே கடுகு மஞ்சள், அதே அரக்கு. கடையில அம்பது சீலை பிரிச்சுப் போட்டாங்க, நான் இதைத்தான் எடுத்திருக்கறேன்.

"ஆமாங் கண்ணு"ன்னேன். அஞ்சு கிலோ வெங்காயம் வாங்கினேன். எங்க வீட்டுக்கு ரெண்டு கிலோ போதும்.

வாய்க்கால்மேடு:
கோபிசெட்டிபாளையம் பக்கமுங்க. எனக்குச் சட்டை. காலர் கொஞ்சம் குட்டை, உள்பாக்கெட் ஒண்ணு, கை முட்டிக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்கும். தொலைஞ்சு இருவது வருசம். எந்த டெய்லர்கிட்டப் போனாலும் "அந்த மாதிரி வேணுங்"ன்னு கையாலயே காத்துல வரைஞ்சு காட்டுவேன், ஒருத்தருக்கும் புரியாது. போன வாரம் பையன் அட்டாலிய ஒழிக்கறப்ப சாக்குக்கு அடியில கெடந்துச்சு. எடுத்துட்டு நேரா அதைத் தெச்ச பெரியவர்கிட்டப் போனேன். கண்ணாடியப் போட்டு, உள்பக்கம் திருப்பி, காஜாவ நகத்தால நிமிண்டிப் பார்த்துட்டுச் சொல்றார்: "இது நம்ம கை இல்லீங் தம்பி. காலர் காஜாவ நான் படுக்கையாப் போடுவேன். இது நட்டமா நிக்குது பாருங்."

அந்தக் காலத்துல எனக்கு அவரை விட்டா வேற டெய்லரே கெடையாது. அப்ப யாரு தெச்சது?

தறிவீடு:
கடுகுமஞ்சள் அக்கா, அது உங்க சீலைதான்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? தறியில ஒரு பாவு, அதான் நெடுக்கு நூலு, பூட்டினா அதே கட்டத்துல, அதே கரையில வரிசையா சீலை எறங்கும். கடுகு மஞ்சளும் அரக்கும் நெகமத்துல நெறையத் தறியில ஓடுற ஜோடி. ஊருக்குள்ள அதே மாதிரி எத்தனை கெடக்கும்! அடையாளம் கண்டுபுடிச்சேன்னு சொல்றது மனசு பண்ற வேலை.

எனக்கும் ஒரு தடவை நடந்துச்சு. பொள்ளாச்சி பஸ்ல முன் சீட்டு அம்மா கட்டியிருந்தது எங்கப்பா நெஞ்சது. அவருக்கு எடது கை வாகு. கரையோரம் ஒரு இழை எப்பவும் இறுகித் தெரியும். கிணத்துக்கடவு வர்ற வரைக்கும் அதையே பார்த்துட்டு வந்தேன். அந்தம்மா திரும்பி மொறைச்சாங்க.

கடுகுமஞ்சள்:
நீல நூலுங்க தம்பி. அந்த வரிய விட்டுட்டுப் படிச்சீங்களாட்ட இருக்குது. உங்கப்பா இழை உங்களுக்குத் தெரியும், என் தையல் எனக்குத் தெரியாதுங்களா?

பெருந்துறை அக்கா:
என் கதை சின்னது. முகூர்த்தப் பட்டு, பதினஞ்சு வருசம் கழிச்சுப் பிரிச்சேன், மடிப்பு மடிப்பா விட்டுப் போய் கையில ரெண்டா வந்துச்சு. அவ்வளவுதான்.

அதனால சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. பட்டை மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து மடிப்ப மாத்தி மடிக்கோணும். ஒரே மடிப்புல வருசக்கணக்கா இருந்தா இழை அங்கதான் ஒடியும். பிளாஸ்டிக் கவர்ல வெக்கவே கூடாது, வேர்த்துக்கும். பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வெய்ங்க. அந்துருண்டை ஜரிகை மேல படக்கூடாது, கறுத்துரும். துணியில முடிஞ்சு ஓரத்துல போடுங்க, இல்லாட்டி வசம்பு போதும். பருத்திச் சீலைய கஞ்சி போட்டபடியே பெட்டியில வெக்காதீங்க, பூச்சி கஞ்சிக்குத்தான் வருது. அலசிட்டு வெச்சு, கட்டறப்பக் கஞ்சி போட்டுக்கலாம். காய வெக்கறது நெழல்ல. பீரோவுல ஹேங்கர்ல தொங்க விடாதீங்க, கனமான முந்தியா இருந்தா தன் பாரத்துலயே இழுத்துக்கும். புதுச்சீலைய மொத தடவை கல்லுப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊற வெய்ங்க, சாயம் நிக்கும். அப்புறம் மாமியார் வீட்டுல பீரோ சாவி உங்க கையில இருக்கோணும். இது கடுகுமஞ்சளுக்கு.

ஷேடுநம்பர்:
அக்கா, கல்லுப்ப மட்டும் விட்டுருங்க. நான் திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்ல இருந்தவன். சாயம் ஏத்தற மெஷின்ல உப்புப் போடறது, சாயம் தண்ணியிலயே நிக்காம நூலுக்குப் போகட்டும்னு. அது நூலைப் புடிச்சு நிக்கறதுக்கு சோடா ஆஷ் வேணும், சூடு வேணும். எல்லாம் முடிஞ்சு வந்த சீலைய வாளியில முக்கினா உப்புச் செலவுதான். சாயம் போறது பட்டறையில சோப்பிங் (ஒட்டாத சாயத்தைச் சோப்புத் தண்ணியில அலசி எடுக்கறது) ஒழுங்காப் பண்ணாததுனால. மத்ததெல்லாம் சரிங்க.

எனக்கும் ஒண்ணு இருக்குது. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவு வந்து சாயப்பட்டறைகளை மூடினாங்களே, அப்ப ஒரு பச்சை என் கையில இருந்துச்சு. வேப்பங்கொழுந்தும் இல்ல, பாசிப்பயறும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. பதினோரு லேப் டிப் போட்டு (சின்னத் துண்டுத் துணியில சாயம் ஏத்திப் பாக்கறதுங்க), துணி வாங்கற பையர் கடைசியில ஓகே பண்ணினது. சாம்பிளுக்கு ஒரே ஒரு டி-ஷர்ட் தெச்சிருந்தோம். மொத்தச் சரக்குக்கு அந்தச் சாயம் ஓடவே இல்ல. சாயக்கழிவோட நொய்யல் ஆறு ஓடின கலரப் பார்த்தவன் நான், மூடினது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பச்சை ஓடலையேன்னு இருந்துச்சு. டி-ஷர்ட்டப் பையில போட்டுட்டு ஊருக்குப் போனவன், அப்படியே மறந்துட்டேன்.

இந்த வருசம் பொங்கல் காப்புக் கட்டுக்கு வீடு ஒழிக்கறப்ப ஊட்டுக்காரி கையில சிக்குச்சு. ஒண்ணும் பேசலை. பீரோவைத் திறந்து என் சட்டைகளுக்கு நடுவுல அதைத் தொங்க விட்டா. பதிமூணு சட்டையில ஒம்போது அந்தப் பச்சை. வருசா வருசம் வேற வேற கடையில எடுத்தது. நானே கவனிச்சதில்ல. நம்பாம ஒம்போதையும் கம்பெனிக்குக் கொண்டு போய், கலரை ஒப்பிட்டுப் பாக்கற லைட் பாக்ஸ்ல வெச்சுப் பார்த்தேன். ஏழு மேட்ச். ரெண்டுல மஞ்சள் தூக்கல்.

சரவணம்பட்டி பேரன்:
எங்க அம்மிச்சி காலம் பூரா பின்கொசுவம் வெச்சுக் கட்டினவங்க. இடுப்பு ஒடிஞ்சு ஆபரேசன் ஆனதுல இருந்து ஃபிளாட்டுல நைட்டிதான். அரை மணிக்கு ஒருக்கா கை இடுப்புக்குப் போகும், சுருக்குப்பையைச் சொருக எடமில்லாம அப்படியே நிக்கும். போன மாசம் பெட்டியில இருந்து அவங்க பழைய சீலை வந்துச்சு. முழுசாக் கட்ட முடியாது. கத்தரிக்கோல் கேட்டாங்க. கரைய மட்டும் நீளமாக் கிழிச்சு நைட்டி மேல இடுப்புல கட்டி, பையைச் சொருகிட்டு, "இப்ப வெத்தலை குடு"ன்னாங்க. லிஃப்ட்ல பார்க்கறவங்க பெல்ட்டுன்னு நெனைக்கறாங்க.

வாய்க்கால்மேடு:
சட்டை விசயம் தெரிஞ்சுருச்சுங்க. நேத்து அதைப் போட்டுட்டு சாப்பிட உக்காந்தேன். ஊட்டுக்காரி சோத்துக் கரண்டியோட நின்னு பார்த்துட்டு, "எங்கண்ணன் சட்டை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"ங்கறா. நிச்சயத்தன்னைக்கு மழையில நனைஞ்சு வந்தேன்னு மச்சான் தன் சட்டையக் குடுத்திருக்கறார். நான் திருப்பித் தரவே இல்ல. இருவது வருசமா காத்துல வரைஞ்சு காட்டினது மச்சான் சட்டைய.

அவர்கிட்ட இன்னும் சொல்லலைங்க. பெரியவர்கிட்ட ரெண்டு சட்டைக்குத் துணி குடுத்துட்டு வந்திருக்கறேன். காலர் காஜாவ நட்டமாவே போடச் சொல்லியாச்சு.