தலையணைக்கு அடியில் இட்லி ஒளித்து வைக்கிறான், என்ன செய்யலாம்?

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு ஏழு வயதுப் பையன் ஒருவன் மூன்று வாரமாக எங்களோடு இருக்கிறான். இது தத்து இல்லை. அம்மா உடம்பு தேறியதும் அவரிடமே போய்விடுவான். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அவன் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு, பணம் கேட்டு எழுதவில்லை.

தினமும் ராத்திரி இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். கேட்டால் நடுங்குகிறான். திட்ட மனசு வரவில்லை. இப்படிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், அவன் அம்மா முருக பக்தை. அவர் வழக்கப்படி திருநீறு பூசித்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். யாரும் தவறாக எண்ண வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு கார் வேண்டும். இருவருக்காகவும் ஜெபியுங்கள்.