கணினியிலிருந்து கைப்பேசிக்கு இலவசக் குறுஞ்செய்தி: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

கோரிப்பாளையத்திலிருந்து:

கோரிப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், மாலை நேரங்களில் வரும் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேர் மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே இலவச எஸ்.எம்.எஸ். தளத்தைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று பெரிதும் புழக்கத்தில் இருந்த வே2எஸ்எம்எஸ், 160பை2 ஆகிய இரண்டுமே ஹைதராபாத்தில் தோன்றியவை. இரண்டாவதன் கணக்கு அதன் பெயரிலேயே இருந்தது: ஒரு குறுஞ்செய்தியின் 160 எழுத்துகளில் 80 நமக்கு, எஞ்சியது விளம்பரத்துக்கு. விடுதி மாணவர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பும் நலவிசாரிப்பின் வாலில் ஏதோ ஒரு கடன் திட்டமோ வேலைவாய்ப்பு அறிவிப்போ ஒட்டிக்கொண்டு போகும். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பொங்கல், தீபாவளி போன்ற நாள்களில் செல்பேசி நிறுவனங்கள் எஸ்.எம்.எஸ். சலுகை செல்லாது என்று நிறுத்திவிட்டு ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனிக் கட்டணம் பிடித்ததால், அந்த நாள்களில் எங்கள் கடையில் நாற்காலி கிடைப்பதே அரிது.

ஒரு தொல்லையும் இருந்தது. கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்து போய்விடுபவர்கள் பலர். அடுத்து அமர்பவர் அந்தக் கணக்கிலிருந்தே விளையாட்டாக எதையாவது அனுப்பிவிடுவார். அப்படிப் போன ஒரு பொய்ச் செய்தியை நம்பி, மேலூரிலிருந்து ஒரு குடும்பமே பதறியடித்து வந்து கடை வாசலில் நின்றது உண்டு. அதன்பின் ஒவ்வொருவர் எழுந்ததும் நானே திரையைப் பார்த்துக் கணக்கை மூடிவிடுவேன்.

மாட்டுத்தாவணியிலிருந்து:

மேலே எழுதியவர் வாழ்த்துகளைப் பற்றிச் சொன்னார். நான் பூ வியாபாரத்தில் அதைப் பயன்படுத்தியவன். எங்கள் குடும்பம் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை நடத்துகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லிகை விவசாயிகளுக்கு, அதிகாலையில் பறித்த பூவை மதுரைக்கு அனுப்புவதா, நிலக்கோட்டைக்கு அனுப்புவதா என்பதே பெரிய கேள்வி. முகூர்த்த நாளில் மல்லிகை விலை மணிக்கு மணி மாறும். ஆளுக்கு ஆள் போன் செய்து விலை சொல்ல அப்பாவுக்கு நேரம் இருக்காது. ஆகவே நான் கணினியில் அவர்களுடைய எண்களை ஒரு குழுவாகச் சேமித்து, சந்தை விலையை ஒரே செய்தியாக அனுப்பத் தொடங்கினேன்.

தமிழில் அனுப்பிப் பார்த்ததும் உண்டு. ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட் மட்டுமே (பைட் என்பது கணினியில் இடத்தை அளக்கும் அலகு, ஒரு பைட்டுக்கு எட்டு பிட்). ஆங்கில எழுத்துகள் ஏழு பிட்டில் அடங்குவதால் 160 கொள்ளும், தமிழுக்கோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட் தேவை என்பதால் 70தான். அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். மாட்டுத்தாவணி என்று நம் கண்ணுக்கு ஏழெழுத்தாகத் தெரிவது அங்கே 13 இடங்களைப் பிடித்துவிடும். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி என்று நான்கு விலை எழுதுவதற்குள் இடம் தீர்ந்துபோகும். மேலும் விவசாயிகளின் பழைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழெழுத்தே இல்லாததால், போய்ச் சேர்ந்ததெல்லாம் வெறும் கட்டங்கள். எனவே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினோம். ஆங்கிலம் படிக்காத பெரியவர்கள் வீட்டில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வாசித்துச் சொன்னார்கள்.

இந்த ஏற்பாட்டை முறித்தது 2011 செப்டம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்த, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிமுறை. விளம்பரச் செய்திகள் இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை போகக்கூடாது என்றார்கள்; இலவசத் தளத்தின் வழியே சென்றவையும் அந்தக் கணக்கிலேயே நிறுத்தப்பட்டன. பூச்சந்தையோ விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். ஒன்பது மணிக்குப் பின் வந்து சேரும் விலையை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்? அதற்குள் அவருடைய மூட்டை எங்கேயோ ஏலம் போயிருக்கும். விளம்பரத் தொல்லை பொறுக்காமல் 1909 என்ற எண்ணில் பதிவு செய்தவர்களுக்கு எங்கள் செய்தி அறவே போகவில்லை. அந்த விதி தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன், நள்ளிரவில் மனை விற்பனை அறிவிப்பு வந்து தூக்கம் கலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் விளம்பரத்தால் உயிர்வாழ்ந்த ஒரு வழியில் எங்கள் விலைச் செய்தியையும் ஏற்றி அனுப்பியதால், விளம்பரத்துக்கு விழுந்த அடி அதன்மேலும் விழுந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவரைப் பற்றிய வதந்தியைத் தடுப்பதற்காக மொத்தமாக ஐந்துக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்ப நாடு முழுவதும் பதினைந்து நாள் தடை போடப்பட்டபோது, கைப்பேசியிலிருந்து அனுப்பும் மாற்று வழியும் சில நாள் முடங்கியது. பின்னர் அப்பா பழையபடி நம்பகமான நான்கு பேருக்குப் போன் செய்து, அவர்கள் ஊருக்குள் சொல்லிக்கொள்ளும் முறைக்கே திரும்பினார்.

திருநகரிலிருந்து:

இலவசமாக அனுப்பலாம் என்று இன்றும் ஆசை காட்டும் தளங்களைப் பார்த்தால், தயவுசெய்து உங்கள் தொடர்பு எண்களை அங்கே ஏற்றாதீர்கள். இப்போது இந்தியாவில் வணிகச் செய்தி அனுப்புவதற்கு, 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுப்புநர் பெயரும் செய்தியின் வார்ப்புருவும் (வாசகத்தின் மாதிரி வடிவம்) முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். இவை எதுவுமின்றி இலவசம் என்று அழைப்பவருக்குத் தேவைப்படுவது உங்கள் எண்களாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

கணினியில் தட்டச்சு செய்யும் வசதி மட்டும் வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள கூகுள் மெசேஜஸ் செயலியைக் கணினியின் உலாவியோடு இணைத்துக்கொள்ளலாம். திரையில் தெரியும் சதுரக் குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்தால் போதும். செய்தி உங்கள் சிம்மிலிருந்தே போகும், உங்கள் திட்டத்தில் உள்ள அளவிலிருந்தே கழியும். என் தங்கை தன் தையற்கடை வாடிக்கையாளர்களில் பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு, ரவிக்கை தயார் என்ற செய்தியை இப்படித்தான் அனுப்புகிறாள். மற்றவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்.