காணாமல் போன பெண்கள், அடையாளம் தெரியாத உடல்கள்: நேம்அஸில் எந்த விவரத்தை நம்புவது?

தேடல்குருவி (கேள்வி):
அமெரிக்க அரசின் நேம்அஸ் (NamUs) தளத்தில், 1970, 80களில் காணாமல் போன பெண்களின் பதிவுகளை அடையாளம் தெரியாத உடல்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு வருகிறேன். வயது, உயரம், எடை, முடி நிறம் நான்கையும் கொடுத்துத் தேடினால் ஒன்றும் வருவதில்லை. இரண்டை எடுத்துவிட்டால் குவிந்துவிடுகிறது. எதைத் தளர்த்தலாம்? பொருத்தம் தென்பட்டால் யாரிடம் சொல்வது?

கல்லூரணி:
எடையை முதலில் எடுத்துவிடுங்கள். எலும்புக்கூடாகக் கிடைத்தவருக்கு எடை வெறும் ஊகம். முடியும் அப்படித்தான், மண்ணில் கிடந்த கறுப்பு முடி செம்பட்டையாகிவிடும். உயரத்தைத் தொடை எலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடுவார்கள், அதிலேயே சில சென்டிமீட்டர் பிசகும். காணாமல் போனவரின் பதிவில் பெரும்பாலும் அவரே ஓட்டுநர் உரிமத்துக்குச் சொன்ன உயரம்தான் இருக்கும். அதனால் 7, 8 செ.மீ. இடம் விடுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது வயது. 1968 மே மாதம் கென்டக்கியில் ஜார்ஜ்டவுன் அருகே கூடாரத் துணியில் சுற்றிக் கிடந்த பெண்ணுக்கு 16 முதல் 19 வயது என்று குறித்தார்கள். 'கூடாரப் பெண்' என்றே கல்லறையிலும் பொறித்தார்கள். அவருக்கு உண்மையில் 24 வயது, குழந்தை பெற்ற தாய். 1998இல் டென்னசியைச் சேர்ந்த டாட் மேத்யூஸ், காவல்துறையில் இல்லாதவர், தங்கை ஒருத்தி அக்காவைத் தேடி இணையத்தில் போட்டிருந்த குறிப்பைப் பார்த்தார். அக்கா காணாமல் போனது 1967 கடைசியில், பக்கத்து லெக்சிங்டனில். உடலைத் தோண்டியெடுத்து டிஎன்ஏ பார்த்ததில் உறுதியானது. இடமும் காலமும்தான் இங்கே கைகொடுத்தன. வயதைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போயிருப்பார்.

தேதியிலும் கவனம் வேண்டும். புகார் கொடுத்த தேதி வேறு, கடைசியாகப் பார்த்த தேதி வேறு. சில பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே புகார் பதிவாகியிருக்கும்.

பல்வரிசை:
பற்களைப் பற்றிய குறிப்பு இருந்தால் அதற்கே முதலிடம். ஒரு விதி போதும்: பல் பின்னோக்கிப் போகாது. காணாமல் போனவருக்கு அடைத்திருந்த பல் உடலில் சொத்தையே இல்லாமல் முழுதாக இருந்தால், அவர் இல்லை. பிடுங்கிய பல் உடலில் இருந்தாலும் அவர் இல்லை. ஆனால் உடலில் கூடுதலாக அடைப்பு இருந்தால் விலக்கக்கூடாது, பிறகு அடைத்திருக்கலாம்.

பற்களுக்கு இடும் எண்களில் ஒரு பொறி உண்டு. அமெரிக்க முறையில் 18 என்றால் கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப்பல். நம் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் இரட்டை இலக்க முறையில் 18 மேல் வலது ஞானப்பல். இதைக் குழப்பிக்கொண்டால் சரியான ஆளையே விலக்கிவிடுவோம்.

தேடல்குருவி:
இரண்டு பதிவிலும் டிஎன்ஏ இருப்பதாகப் போட்டிருந்தால்?

மேற்குவாசல்:
இரண்டும் ஒரே வகை டிஎன்ஏவாக தேசியத் தரவுத்தளத்தில் ஏறியிருந்தால், அந்த ஒப்பீட்டைக் கணினி ஏற்கெனவே செய்திருக்கும். உங்கள் நேரத்தை ஒரு பக்கம் மாதிரியே இல்லாத பதிவுகளுக்குக் கொடுங்கள். அவருடைய மாதிரியோ உறவினர் மாதிரியோ இல்லாத பெண்ணை அந்தத் தரவுத்தளம் கண்டுபிடிக்காது. உடலின் பதிவில் 'விலக்கப்பட்டவர்கள்' பட்டியலையும் பாருங்கள், நீங்கள் நினைக்கும் பெயர் அங்கே இருந்தால் அத்தோடு விடுங்கள்.

பொருத்தம் வலுவாகத் தெரிந்தால் உடலின் பதிவில் உள்ள விசாரணை அலுவலகத்துக்கு எழுதுங்கள். இரண்டு பதிவு எண்கள், பொருந்துவன மூன்று நான்கு வரி, பொருந்தாதனவும் கட்டாயம். பொருந்தாததை மறைத்த கடிதத்தை அடுத்த முறை பிரித்துப் படிக்க மாட்டார்கள்.

குடும்பத்துக்கு நேராக எழுதவே கூடாது. முப்பது வருடமாகக் காத்திருக்கும் ஒரு தாய்க்கு உங்கள் ஊகம் ஒரு மரணச் செய்தியாகப் போய்ச் சேரும். பொதுவெளியிலும் பெயர் போடாதீர்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், அனுப்பிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.