மறு: ஹாசல் துணிக்கையா, அடுக்குருண்டையா?

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, Hassall's corpuscle என்பதற்கு நேற்று நீங்கள் தந்த ‘ஹாசல் துணிக்கை’ எனக்கு ஒட்டவில்லை. இலங்கையில் செங்குருதிச் சிறுதுணிக்கை என்று புழங்குவது இரத்தத்தில் தனித்தனியே மிதக்கும் செல்லுக்கு. அங்கே அது பொருந்தும். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியின் அகணியில் (உட்பகுதியில்) இருப்பதோ பல எபிதீலிய (மேலணி) செல்கள் தட்டையாகி, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட உருண்டை. குறுக்கே வெட்டிய வெங்காயம்தான். நடுவில் உள்ள செல்கள் செத்து, தோலின் மேலடுக்கைப் போலக் கெரட்டின் என்ற கடினப் புரதம் ஏறிக் கிடக்கும். ஸ்லைடில் அந்த இளஞ்சிவப்பு வட்டத்தைப் பார்த்ததுமே மாணவர்கள் ‘தைமஸ்’ என்று எழுதிவிடுவார்கள்.

‘தைமஸ் முத்து’ என்றும் ஒரு யோசனை வந்தது. அழகான சொல், முத்தும் அடுக்கடுக்காகத்தான் வளர்கிறது. ஆனால் நோயியலில் ‘கெரட்டின் முத்து’ என்பது செதிள் செல் புற்றுநோயில் காணும் அடையாளம். நலமான சுரப்பியில் இயல்பாக இருக்கும் ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

‘சிதைவுருண்டை’ என்ற மாற்றுச் சொல்லையும் நான் ஏற்கமாட்டேன். இவை செத்த செல்களின் குப்பைமேடு என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள், சரி. ஆனால் 2005-இல் வந்த ஓர் ஆய்வு, மனிதத் தைமஸில் இந்த உருண்டைகள் டி.எஸ்.எல்.பி. என்ற புரதத்தைச் சுரப்பதைக் காட்டியது. அது பக்கத்தில் உள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது. அவை, தைமஸில் வளர்ந்துகொண்டிருக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் சிலவற்றை ஒழுங்குபடுத்தும் டி செல்களாக மாற்றுகின்றன. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாமல் அடக்கிவைப்பவை இந்தச் செல்கள்தாம். அப்படிப்பட்ட வேலைக்குத் துணைபோவதைப் போய்ச் சிதைவு என்பதா? ஆய்வகச் சுண்டெலிகளில் இவை சரியாக உருவாவதில்லை என்பதால் ஆராய்வதும் எளிதாக இல்லை.

எனவே என் முன்மொழிவு: ‘ஹாசல் அடுக்குருண்டை’. அடுக்கு என்றால் பானை அடுக்குவதுபோல மேலும் கீழும்தானே என்று கேட்பீர்கள். அடுக்குமல்லியைப் பாருங்கள், இதழ்கள் நடுவைச் சுற்றித்தான் இருக்கின்றன. ‘அடுக்குருண்டைச் செல்’ என்று தொடர்சொல் ஆக்கவும் இடம் தருகிறது.

ஆர்தர் ஹில் ஹாசலின் பெயரை எடுத்துவிட எனக்கு மனமில்லை. 1840-களில் இவற்றை விவரித்தவர், அப்புறம் அதே நுண்ணோக்கியோடு லண்டன் கடைகளின் உணவுக் கலப்படத்தையும் வெளுத்து வாங்கியவர். கிரந்தம் வேண்டாதவர்கள் ‘ஆசல்’ என்று எழுதிக்கொள்ளட்டும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.