டெபியன் பேக்கேஜ் விளக்கம்: பட்டியல் பத்தியாகிவிட்டது, நானே திருத்தலாமா?

நீடாமங்கலம் டிடிபி
நீடாமங்கலத்தில் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். இரவு கடை சாத்தியதும், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) விளக்கங்களின் தமிழாக்கத்தைச் சரிபார்ப்பேன். நேற்று சிறுவர் விளையாட்டுப் பேக்கேஜ் ஒன்று வந்தது. தமிழ் அருமை. ஆனால் ஆங்கிலத்தில் ஆறு வரியாக இறங்கும் பட்டியல், தமிழில் "* கணக்கு * புவியியல் * வாசிப்பு" என்று ஒரே பத்தியாக ஓடிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரும் சித்தப்பா பெயரும் இப்படி ஒட்டிக்கொண்டால் அச்சுக்கே விடமாட்டேன். மொழிபெயர்த்தவர் புதியவர். சொல்லில் பிழையே இல்லாதபோது இதற்காகத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நானே திருத்திவிடலாமா?

கும்பகோணம் டெர்மினல்
அண்ணே, நட்சத்திரக் குறிக்கு முன்னால் எத்தனை இடைவெளி என்று பாருங்கள். ஒன்றுதான் இருக்கும். டெபியன் பாலிசி என்ற விதித்தொகுப்பின்படி ஒற்றை இடைவெளியில் தொடங்கும் வரி பத்தியைச் சேர்ந்தது. அடுத்த வரியோடு சேர்ந்து மடியும். இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அடித்தபடியே காட்டும். டேப் மட்டும் வேண்டாம். பத்தி பிரிக்க, ஓர் இடைவெளியும் ஒரு புள்ளியும் மட்டும் உள்ள வரி போடுங்கள். பேக்கேஜ் விவரங்கள் இருக்கும் கண்ட்ரோல் கோப்பில் வெற்று வரி விட்டால் அந்தப் பேக்கேஜின் பகுதியே அங்கே முடிந்துவிடும்.
நீங்களே திருத்துங்கள். ஏன் என்று அவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

மாயவரம் வாசகன்
இன்னொன்று. இரண்டு இடைவெளி விட்ட வரி, திரையில் அகலம் போதாவிட்டால் சொல் பார்க்காமல் வெட்டுப்படும். என் பழைய மடிக்கணினியில் 'புவியி' மேலே, 'யல்' கீழே என்று வந்தது. பட்டியல் வரிகளைச் சின்னதாக வையுங்கள். அப்புறம், விளக்கத்தின் முதல் வரியான தலைப்பு வரி 80 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பைட் கணக்கில் பார்த்துப் பயப்படாதீர்கள். 'நெல்' நமக்கு இரண்டு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் நான்கு குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட்.

நீடாமங்கலம் டிடிபி
தம்பி சொன்னது சரி, ஒற்றை இடைவெளிதான். பட்டியலுக்கு மேலே புள்ளி வரியும் விட்டுப்போயிருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டேன். 'விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைப் பயன்படுத்திப் பழகுதல்' என்ற நீள வரியை 'விசைப்பலகை, சுட்டிப் பழக்கம்' என்று குறைத்தேன். காரணத்தையும் அவருக்கு எழுதிவிட்டேன். இப்போது ஆறும் தனித்தனியாக நிற்கின்றன.