“பிள்ளைங்கள அவர் தொட்டதே இல்லக்கா” என்கிறாள் தங்கை. நான் என்ன செய்வது?

யீஷூன் பெரியம்மா எழுதியது:

வணக்கம். நான் சிங்கப்பூரில் யீஷூன் வட்டாரத்தில் இருக்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூன்று வாரமாக இதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள், மகனுக்கு ஒன்றரை வயது. தங்கையின் கணவர் கோபம் வந்தால் அவளை அடிப்பார். ஆறு வருடமாக நடக்கிறது. பேசிப் பார்த்தோம். அவர் அம்மாவும் பேசினார். ஒருமுறை கோவிலில் வைத்துச் சத்தியம் வாங்கினோம், நான்கு மாதம் தாங்கியது. தங்கை எப்போதும் சொல்வது ஒன்றுதான்: “பிள்ளைங்கள அவர் தொட்டதே இல்லக்கா.” அது உண்மைதான். அந்த ஒன்றை நம்பித்தான் நானும் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் மகள் என் வீட்டுக்கு வருவாள். போன மாதம் அவள் பள்ளிப்பையை நகர்த்தி வைக்கத் தூக்கினேன், கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன். புத்தகங்களுக்கு அடியில் தம்பியின் பேம்பர்ஸ் இரண்டு, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்ட பால் மாவு, ஒரு பால் புட்டி, அம்மாவின் கைப்பேசி சார்ஜர். “எதுக்குடா இதெல்லாம்?” என்றேன். “ராத்திரி ஓடணும்னா தேட நேரம் இருக்காது பெரியம்மா” என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. எங்கள் மாடியில் லிஃப்ட் நின்றால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதவையே பார்க்கிறாள். சமையலறையில் என் கணவர் கைதவறி ஒரு மூடியைப் போட்டார், அவள் அந்த நொடியே தம்பியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வயிற்றுவலி என்று பள்ளியிலிருந்து அடிக்கடி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், பலதுறை மருந்தகத்தில் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

நான் எங்காவது சொன்னால் அதிகாரிகள் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்று தங்கை பயப்படுகிறாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க பெரியம்மா” என்று மகளும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் தலையாட்டிவிட்டேன். இப்போது அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அடிபடாத பிள்ளைகளுக்காக யாராவது வருவார்களா? வந்தால் பிரித்துவிடுவார்களா?

எதிர்வீட்டுக்காரன் எழுதியது:

அக்கா, அடி நடந்துகொண்டிருக்கும் நேரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், போலீசுக்கு 999. வாய்விட்டுப் பேச முடியாத நிலை என்றால் 70999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இதை உங்கள் தங்கைக்கும் சொல்லி வையுங்கள். நீங்களோ உங்கள் கணவரோ நடுவில் போய் நிற்காதீர்கள்.

இன்னொன்று. நாங்கள் முஸ்லிம் குடும்பம். திருமணம், குடும்பம் பற்றிய சட்டமான மாதர் சாசனம் நமக்குப் பொருந்தாது என்று நினைத்து என் அக்கா மகள் இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டிருந்தாள். திருமணம், மணமுறிவு எல்லாம் வேறு சட்டத்தில் வரும். ஆனால் குடும்ப வன்முறைக்கான பகுதி இங்கே எல்லாருக்கும் ஒன்றுதான். அவளும் பாதுகாப்பு ஆணை வாங்கினாள், அதாவது வன்முறை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் போடும் ஆணை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்று எழுதுகிறேன்.

பழைய சமூக ஊழியர் எழுதியது:

குடும்பங்களுக்கு ஆலோசனையும் உதவியும் தரும் குடும்பச் சேவை நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பதிவைக் காலையில் படித்தேன். அந்தப் பால் மாவு முடிச்சு நாள் முழுவதும் மனத்தை விட்டுப் போகவில்லை.

“அவன் தூங்கிட்டிருந்தான், ஒண்ணும் தெரியாது” என்று பெற்றோர் சொல்லி நான் கேட்காத வருடமே இல்லை. அதே பிள்ளையிடம் “அந்த நேரத்தில் நீ எங்கே இருப்பாய்?” என்று மெதுவாகக் கேட்டால், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் என்று இடத்தோடு சொல்லும். எந்தச் சத்தத்துக்கு அப்புறம் எந்தச் சத்தம் வரும் என்றும் சொல்லும். உங்கள் மகளுடைய வயிற்றுவலி உண்மையான வலி. உடம்பு எந்நேரமும் ஓடத் தயாராக நின்றால் வயிறு வலிக்கும், தூக்கம் கெடும், பாடம் மண்டையில் ஏறாது. ஒன்றரை வயதுக்காரனையும் கணக்கில் சேருங்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கும் அம்மாவின் பயம் தெரியும்.

அடிபடாத பிள்ளைக்காக வருவார்களா என்று கேட்டீர்கள். வருவார்கள். சிறுவர், இளையர் சட்டம் உடம்புக் காயத்தோடு மனக்காயத்தையும் பார்க்கிறது. 2020 ஜூலையிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. மாதர் சாசனத்திலும் 2023-ல் திருத்தம் செய்து 2025 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மிரட்டுவது, அடக்கி ஆள்வது போன்ற மனரீதியான கொடுமையும் குடும்ப வன்முறைதான் என்று இப்போது அதில் தெளிவாகவே இருக்கிறது.

முதலில் 1800-777-0000 என்ற, வன்முறைக்கான தேசிய உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெரியம்மா அழைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம். யார் வீட்டில் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது நடந்தது, கத்தி போன்றது எதையாவது எடுத்தாரா, கழுத்தை நெரித்தாரா என்றெல்லாம் கேட்பார்கள். கழுத்தில் கை வைத்தது உண்மையானால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அது பெரிய ஆபத்துக்கு அடையாளம். அந்தப் பதில்களை வைத்துத்தான் வட்டாரக் குடும்பச் சேவை நிலையம் போதுமா, வன்முறைக்கென்றே இருக்கும் சிறப்பு நிலையம் பார்க்க வேண்டுமா, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் குழந்தைப் பாதுகாப்புச் சேவையே இறங்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

பிரித்துவிடுவார்களா? நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் பிள்ளைகள் அம்மாவுடனேயேதான் இருந்தார்கள். அடிப்பவரை வீட்டிலிருந்து விலக்கிவைக்க நீதிமன்றம் ஆணையிடலாம். உங்கள் தங்கை தனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங் மோ கியோவில் உள்ள பேவ் (PAVE) போன்ற சிறப்பு நிலையத்தில் ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து உதவ, அங்கிருந்தே விண்ணப்பம் செய்யலாம். அடித்தவர் ஆலோசனைக்குப் போக வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம். எதுவும் பலிக்காமல் பிள்ளைக்கு ஆபத்து தொடர்ந்தால் வெளியே எடுப்பது உண்டு, அதை மறைக்க மாட்டேன். அப்போதும் முதலில் தேடுவது தாத்தா பாட்டி, பெரியம்மா வீட்டைத்தான். அதற்கப்புறம் வளர்ப்புக் குடும்பம். இல்லம் அதற்கும் அப்புறம்.

மனத்தில் உள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இருக்கும் எங்களுக்கே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. “நீ ஏன் விட்டுப் போகலை? பிள்ளைய ஏன் காப்பாத்தலை?” என்று அம்மாவையே குடைவோம். அடித்தவரிடம் அவ்வளவு கேள்வி போகாது. கேள்விக்குப் பயந்து அம்மா வாயை மூடினால் பிள்ளைக்கும் வழி அடைபட்டுவிடும். உங்கள் தங்கையிடம் யாராவது அப்படிக் கேட்டால், நீங்கள் பக்கத்தில் இருந்து “அதை அவர்கிட்ட கேளுங்க” என்று சொல்லுங்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில் என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்று இப்போதும் நினைப்பேன்.

மகளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து மருகாதீர்கள். ஆனால் அவளுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். “நான் சொல்லலன்னு தலையாட்டினது தப்புடா. உங்கள பத்திரமா வச்சுக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லப் போறேன்” என்று நேராகச் சொல்லுங்கள். சண்டை நேரத்தில் நடுவில் போகக் கூடாது, சமையலறைப் பக்கம் போகக் கூடாது, எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அம்மாவைக் காப்பாற்றுவது அவள் வேலை இல்லை என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஜூரோங் பையன் எழுதியது:

நான் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன். இப்போது 38 வயது.

எங்கள் வீட்டில் பிரச்சினை முற்றினால் பெரியப்பா, மாமா எல்லாரும் வந்து ஹாலில் உட்காருவார்கள். பேச்சு தொடங்கும் முன்னால் என் கையில் ஐந்து வெள்ளியைத் திணித்து, “கீழ கடைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கோ, தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ” என்பார்கள். நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். நாங்கள் புளோக்குக்குக் கீழே கல்மேசையில் உட்கார்ந்து, தங்கைக்கு ஐஸ்கிரீம் வடியாமல் பிடித்துக்கொண்டு, எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம். மேலே என்ன முடிவாயிற்று என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அன்று இரவு அதே வீட்டில் படுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

“உனக்கு எப்படிடா இருக்கு?” என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டிருந்தாலும் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். உங்களிடம் அவள் பையைக் காட்டிவிட்டாள் அக்கா. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாலும் உங்களிடம் சொன்னாளே. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா இப்போது என்னுடன் இருக்கிறார். நல்லபடியாக இருக்கிறார். சாவிச் சத்தம் கேட்டால் இன்றும் இருவரும் நிமிர்ந்து பார்ப்போம்.

யீஷூன் பெரியம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில்களைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க அழுதேன். மறுநாள் அழைத்தேன்.

அழைப்பதற்கு முன்னால் மகளிடம் சொன்னேன், சமூக ஊழியர் சகோதரி சொன்ன அதே வார்த்தைகளில். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து வந்து, “அம்மாவ திட்டுவாங்களா?” என்று கேட்டாள். அது ஒன்றுதான் அவளுக்குப் பயம். திட்ட வந்தால் பெரியம்மா விடமாட்டேன் என்றேன்.

தங்கை இரண்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்தாள். பையில் இருந்ததை அவளிடம் சொன்னேன், சார்ஜரையும் சேர்த்துத்தான். தன் சார்ஜர் தொலைந்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வரும் செவ்வாய்க்கிழமை குடும்பச் சேவை நிலையத்துக்குப் போகிறோம், நானும் கூட வருகிறேன் என்று அங்கே சொல்லிவிட்டேன். பாதுகாப்பு ஆணை பற்றி இன்னும் அவள் முடிவு செய்யவில்லை. நான் நெருக்கவில்லை.

தம்பி, ஜூரோங்கிலிருந்து எழுதியவரே, நீங்கள் எழுதியதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. மகள் பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, “இத இங்கயே வச்சுக்கலாமா?” என்றாள். என் அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். பேம்பர்ஸை அடுக்கிவிட்டு, பால் மாவு கட்டிப்போயிருக்கிறது, புதிது வேண்டும் என்றாள். இன்று காலை ஒரு டின் வாங்கி வைத்திருக்கிறேன்.